ஜோஜோ மாதிரி ஒரு பையன் நிஜத்தில் இருந்திருப்பானா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. நாஜி ஜெர்மனியில் நடக்கும் 'ஜோஜோ ராபிட்' படத்தில் வருவதுபோல் ஹிட்லரையே கற்பனைத் தோழனாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு பத்து வயசுப் பையன் நிஜத்தில் மூழ்கிப்போயிருப்பானா, இத்தனை லட்சம் பேர் செத்த விஷயத்தைச் சிரிப்புப் படமாக எடுப்பது தகுமா, ஆறாவது படிக்கும் உங்கள் மகனுக்கு இதைக் காட்டலாமா. மூன்றையும் சேர்த்துப் படித்தால் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு குழந்தையின் தலைக்குள் வெறுப்பை அவ்வளவு ஆழமாக ஏற்ற முடியுமா, முடியுமென்றால் படத்தில் காட்டுகிற மாதிரி சில மாதங்களில் அது இறங்கியும் விடுமா? முதல் பாதிக்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவது பாதியில்தான் எனக்கும் படத்துக்கும் சண்டை.

கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு சொல்லிக்கொடுப்பது என் வேலை, நாஜி காலத்துப் பள்ளிக்கூடங்கள்தான் நான் அதிகம் படித்த பகுதி. சினிமா என் துறை இல்லை, அதனால் படத்தின் கலையைப் பற்றி நான் சொல்வதை ஒரு சாதாரண ரசிகனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பதால் முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். ஜோஜோ போகிற முகாம் இயக்குநர் டைகா வைடீடியின் கற்பனை இல்லை. ஹிட்லர் இளைஞர் படைக்குள் 10 முதல் 14 வயது வரையிலான பையன்களுக்கென்றே யுங்ஃபோல்க் என்று தனிப் பிரிவு இருந்தது, அதே வயசுப் பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 1933 தொடக்கத்தில் மொத்த அமைப்பிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்தான். 1936 டிசம்பரில் ஜெர்மன் இளைஞர்கள் எல்லோரும் இதற்குள்தான் என்று ஒரு சட்டம் வந்தது, 1939 மார்ச்சில் அது கட்டாயமாகவே ஆகி, பிள்ளையைப் பதிவு செய்யாத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ என்றானது. அந்தக் கட்டாயம் வருவதற்கு முன்பே, அந்த வருஷத் தொடக்கத்திலேயே, 87 லட்சம் பேர் உள்ளே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஹிட்லரின் பிறந்தநாள் ஏப்ரல் 20. அதையொட்டி ஒவ்வொரு வருஷமும் பத்து வயசானவர்களை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி வாங்குவார்கள். அப்புறம் ஒரு தேர்வு: 60 மீட்டரை 12 விநாடியில் ஓட வேண்டும், 2.75 மீட்டர் தாண்ட வேண்டும், பந்தை 25 மீட்டர் எறிய வேண்டும், ஒன்றரை நாள் நடைப்பயணம் போய்வர வேண்டும், கட்சிப் பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். தேறினால் இடுப்பில் கத்தி செருகிக்கொள்ளலாம். படத்தில் பையன்களுக்குக் கத்தி கொடுக்கும்போது அவர்கள் முகம் மலர்கிறதே, அது அப்படியே நிஜம். நினைவுக் குறிப்பு எழுதிய எத்தனையோ பேர் அந்தக் கத்தியை மறக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பட்டியலில் கொள்கை என்று எதுவும் பெரிதாக இல்லை. ஓட்டம், கூடாரம், தீ மூட்டிப் பாட்டு, உடுப்பு, கத்தி, அப்பா அம்மா இல்லாத இரண்டு ராத்திரி. பத்து வயசுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்? படத்தில் ஜோஜோவின் அம்மா வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கும் யூதப் பெண் எல்ஸா அவனிடம் சொல்வதும் இதைத்தான், நீ நாஜி இல்லை, உடுப்பு மாட்டிக்கொண்டு ஒரு கூட்டத்தில் சேர்ந்துகொள்ள ஆசைப்படுகிற சின்னப் பையன் என்று. அமைப்பின் தலைவனாக இருந்த பால்டூர் ஃபொன் ஷிராக்குக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. முதலில் சேர்த்துக்கொள், நம்பிக்கை தானாக வரும். வந்தது. 1938 டிசம்பரில் ரைஷன்பெர்க் என்ற ஊரில் ஹிட்லர் பேசிய பேச்சு ஒன்று இருக்கிறது. பத்து வயசில் எங்களிடம் வரும் பையனை நாலு வருஷம் கழித்து அடுத்த படிக்கு அனுப்புவோம், அதற்கப்புறம் கட்சி, தொழிலாளர் அமைப்பு, ராணுவம், பிறகு வாழ்நாள் முழுக்க அவர்களுக்கு விடுதலையே கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். எதிரிகள் இட்டுக்கட்டிய வாசகம் இல்லை இது. கூட்டம் கைதட்டியது.

படத்தின் தொடக்கத்தில் பீட்டில்ஸ் பாட்டின் ஜெர்மன் வடிவத்தைப் போட்டு, ஹிட்லரைப் பார்த்துக் கூச்சல் போடும் நிஜக் கூட்டங்களின் பழைய படச்சுருளை ஓட்டுகிறார்களே, அதைச் சிலர் வெறும் குறும்பு என்றார்கள். எனக்கு அது படத்திலேயே வரலாற்றுக்கு மிக நெருக்கமான ஒரு நிமிஷம் என்று தோன்றுகிறது. அந்தக் காலத்துக் குழந்தைக்கு ஹிட்லர் அரசியல்வாதி இல்லை, நட்சத்திரம். சுவரில் படம், சிகரெட் அட்டைப் படத் தொகுப்பு, பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர் குழந்தைகளோடு இருக்கும் கதைகள். ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன்னின் மகள் எரிகா மன் 1938ல் எழுதிய புத்தகத்தில், ஒரு பள்ளிப் பிள்ளை நாளைக்கு 50 முதல் 150 தடவை 'ஹைல் ஹிட்லர்' சொல்கிறது என்று கணக்குச் சொல்கிறார். நாட்டை விட்டு வெளியேறியவர் வெளியே இருந்து எழுதியது, கோபத்தோடு எழுதியது, ஆகவே எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு பாடவேளையும் அந்த வணக்கத்தில்தான் தொடங்கியது என்பதில் சந்தேகமில்லை.

சரி, கற்பனைத் தோழன். ஹிட்லரைக் கற்பனைத் தோழனாக வைத்திருந்த குழந்தை என்று எந்த ஆவணத்தையும் நான் காட்டப்போவதில்லை, அது இயக்குநரின் கண்டுபிடிப்பு. மூல நாவலில்கூட அது கிடையாது. ஆனால் எனக்குப் பிடித்தது, அந்தத் தோழனுக்கு ஜோஜோவுக்குத் தெரிந்ததைத் தாண்டி ஒன்றும் தெரியாது. பையனுக்கு எது பெரிய மனுஷத்தனமாகத் தெரிகிறதோ அதைச் செய்கிறான்: சிகரெட் நீட்டுகிறான், வீரவசனம் பேசுகிறான், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒற்றைக் கொம்புக் குதிரையின் தலை. பையனுக்குச் சந்தேகம் வளர வளர அவனுக்கும் முகம் மாறி, கடைசியில் செய்திப்படத்தில் நாம் பார்த்த அந்தக் கத்தல்காரனாக ஆகிறான். நாம் சிரிப்பது வரலாற்று ஹிட்லரைப் பார்த்து இல்லை, ஒரு சிறுவன் தனக்காகச் செய்துகொண்ட பொம்மையைப் பார்த்து. வைடீடியின் அப்பா மாவோரி, அம்மா வழியில் யூத வேர். அவரே அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டதில் இருக்கும் நக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் படத்தில் கற்பனைப் பாத்திரம் ஒன்றில்லை, இரண்டு. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. இரண்டாவது, ஜோஜோவின் தலைக்குள் இருக்கும் 'யூதர்'. கொம்பு முளைத்தவர், வௌவால்போல் தலைகீழாகத் தொங்கித் தூங்குபவர், மனசைப் படிக்கத் தெரிந்தவர். பையன் படம் போட்டு ஒரு புத்தகமே எழுதத் தொடங்குகிறான். மிகைப்படுத்தல்தான், ஆனால் எவ்வளவு மிகை என்று பார்த்தால் நமக்குச் சிரிப்பு நின்றுவிடும். 1938ல் யூத வெறுப்புப் பத்திரிகை நடத்திய நாஜி யூலியுஸ் ஷ்ட்ரைஷரின் பதிப்பகம் 'விஷக் காளான்' என்ற பொருள்படும் தலைப்பில் குழந்தைகளுக்கு ஒரு வண்ணப் படப்புத்தகம் போட்டது. முதல் கதையில் ஒரு அம்மா மகனைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் காளான் பறிக்கிறாள், நல்ல காளான் விஷக் காளான் வித்தியாசம் சொல்கிறாள், அப்படியே மனிதர்களிலும் உண்டு என்று யூதர்களுக்கு வருகிறாள். பையன் புரிந்துகொண்டு பெருமையாகத் தலையாட்டுகிறான். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அதே பதிப்பகம் நரியையும் யூதரையும் ஒன்றாக வைத்துப் பாட்டுப் புத்தகம் ஒன்று போட்டது, எழுதியது சிறுவர் பள்ளி ஆசிரியையாகப் பயிற்சி பெற்ற ஒரு இளம்பெண். ஷ்ட்ரைஷர் யாரையும் கையால் கொன்றதாக, போருக்குப் பின் நடந்த நியூரம்பெர்க் விசாரணையில் குற்றச்சாட்டு இல்லை. அச்சடித்ததற்காகவும் தூண்டியதற்காகவும்தான் 1946ல் தூக்கு.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். கதை நடப்பது போரின் கடைசிக் கட்டத்தில், ஜோஜோவுக்குப் பத்து வயசு, அப்படியானால் பிறந்தது 1934 வாக்கில். யூதப் பிள்ளைகளை ஜெர்மன் அரசுப் பள்ளிகளிலிருந்து முழுக்க வெளியேற்றியது 1938 நவம்பரில், அப்போது அவனுக்கு நாலு வயசு. 1941 அக்டோபரில் யூதர்களை ஜெர்மனியிலிருந்து ரயில்களில் ஏற்றிக் கிழக்கே அனுப்புவது தொடங்கியபோது ஏழு. 1943 ஜூனில் பெர்லினில் இனி யூதர்களே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். 1933ல்கூட அவர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஐந்து லட்சம் சொச்சம் பேர், அதிலும் பெரும்பாலானோர் பெருநகரங்களில். ஆக ஒரு சின்ன ஊரில் வளர்ந்த ஜோஜோ வயசுப் பையன் தன் நினைவுக்கு எட்டியவரை ஒரு யூதரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான். அவனுக்கு ஹிட்லர் எப்படிச் சுவரில் தொங்கும் படமோ, அப்படியே யூதரும் புத்தகத்தில் இருக்கும் படம். அவனைச் சுற்றி உண்மையான ஆட்களை அகற்றிவிட்டு, அந்தக் காலி இடத்தில்தான் கொம்பு வைத்த படத்தை ஒட்டினார்கள். இதனால்தான் படத்தின் கட்டமைப்பு எனக்குச் சரியாகப் படுகிறது: சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு நிஜ யூதப் பெண் வெளியே வந்ததும் இரண்டு கற்பனைகளும் ஒன்றாக ஆட்டம் காண்கின்றன.

முயல் காட்சியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் விலகல்தான். முகாமில் பெரிய பையன்கள் ஒரு முயலைக் கொடுத்துக் கழுத்தைத் திருகச் சொல்கிறார்கள், ஜோஜோ விட்டுவிடுகிறான், அதனால் கேலிப்பெயர். 1943ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, டிஸ்னி நிறுவனம் 'எஜுகேஷன் ஃபார் டெத்' என்று பத்து நிமிஷக் கேலிச்சித்திரப் படம் ஒன்று எடுத்தது. பெர்லினில் அமெரிக்கப் பள்ளியை நடத்திய கிரெகர் ஜீமர் என்பவரின் புத்தகத்தை வைத்து எடுத்தது. அதில் ஹான்ஸ் என்று ஒரு ஜெர்மன் பையன். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் நரி முயலைத் தின்னும் கதை சொல்கிறார், ஹான்ஸ் 'பாவம் முயல்' என்கிறான், ஆசிரியர் கொதித்துப்போய் மூலையில் உட்கார வைக்கிறார். மற்ற பையன்கள் 'சரியான' பதிலைச் சொல்லக் கேட்டு, கடைசியில் ஹான்ஸும் முயல் கோழை, எனக்கு அதைப் பிடிக்காது என்று கத்துகிறான். பாதிப் படம் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும், தூங்கும் அழகியைக் காப்பாற்ற வரும் இளவரசனாக ஹிட்லர் வருவார். கடைசியில் அணிவகுத்துப் போகும் பையன்கள் கல்லறைச் சிலுவைகளாக மாறுகிறார்கள். வைடீடி அதைப் பார்த்துத்தான் முயலை வைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூளைச்சலவை செய்யப்பட்ட குழந்தையை வைத்து நாஜிகளை நையாண்டி செய்வது 2019ல் வந்த புது யோசனை இல்லை என்பதற்கு இது போதும்.

அடுத்து, சிரிக்கலாமா என்பது. சாப்ளின் 1940ல் 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்தார். பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில், வதைமுகாம்களின் உண்மையான கொடூரம் அப்போது தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று எழுதினார். அந்த வாக்கியத்தை எல்லோரும் எடுத்துப் போடுவார்கள். ஆனால் சாப்ளின் கேலி செய்தது உயிரோடு, பலத்தோடு இருந்த ஒருவனை, அதற்கு இருந்த துணிச்சல் வேறு. எழுபத்தைந்து வருஷம் கழித்துச் செத்தவனைக் கேலி செய்வதில் துணிச்சல் ஒன்றுமில்லை, அதனால் இந்தப் படத்தைத் துணிச்சலான படம் என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. டொரண்டோ விழாவில் பார்வையாளர் விருதும், தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கரும் வாங்கிய படம் அது, எல்லோருக்கும் பிடிக்கும்படிதான் எடுத்திருக்கிறார்கள். அதே சமயம் நையாண்டிக்கு ஒரு நேர்மை உண்டு, அது இந்தப் படத்தில் இருக்கிறது. இதோடு ஒப்பிட 'கோடு போட்ட பைஜாமா' பையன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அழவைக்கும் சோகக்கதை, சிரிப்பே கிடையாது, ஆனால் அதில் ஒரு வதைமுகாம் அதிகாரியின் ஒன்பது வயசு மகனுக்கு யூதர் என்றால் யார் என்றே தெரியாது! அந்தக் காலத்தில் அந்த வீட்டுப் பையனுக்கு அது சாத்தியமே இல்லை. அந்த நாவலை வரலாறு படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் தவிர்ப்பது நல்லது என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020ல் சொன்னது. களங்கமில்லாத குழந்தை என்று பார்வையாளருக்கு ஆறுதல் தருவதை விட, இந்தக் குழந்தை நம்பினான், ஆசையாக நம்பினான் என்று காட்டுவது எவ்வளவோ மேல்.

போரின் கடைசி மாதங்களைப் பற்றிப் படம் காட்டுவதிலும் அடிப்படை சரிதான். 1944 செப்டம்பர் ஆணைப்படி 16 முதல் 60 வயது வரையிலான ஆண்களை மக்கள் படை என்று திரட்டினார்கள், போகப்போக அந்த 16ம் கரைந்தது. 1945 மார்ச்சில் எடுத்த செய்திப்படத்தில் ஹிட்லர் தன் அலுவலகத் தோட்டத்தில் வரிசையாக நிற்கும் சிறுவர்களுக்குப் பதக்கம் கொடுத்துக் கன்னத்தைத் தட்டுகிறார், அவர்களில் ஒருவனுக்கு வயசு 12. டாங்கியைத் தகர்க்கும் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு திரியும் ஜோஜோவின் நண்பன் யோர்க்கி உங்களுக்குக் கேலிச்சித்திரமாகத் தெரிந்திருப்பான். அந்தப் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு அவன் கேலிச்சித்திரம் இல்லை. முகாமில் பத்து வயசுப் பையன் கையில் வெடிக்கிற குண்டு கிடைப்பது மட்டும் மிகை, எறியப் பழகியது பெரும்பாலும் போலிக் குண்டுகளை வைத்து.

இனி எனக்குச் சந்தேகம் உள்ள இடங்கள். படத்தில் முகாமை நடத்தும் கேப்டன் கிளென்சன்டார்ஃப் மாதிரி மனசுக்குள் சலித்துப்போன அதிகாரிகள் இருந்தார்கள், யாரையாவது கண்டுகொள்ளாமல் விட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் படத்தில் முக்கியமான பெரியவர்கள் பாதிப்பேர் உள்ளுக்குள் நல்லவர்கள், கெட்டவர்கள் எல்லோரும் கோமாளிகள். நடுவில் இருந்த பெருங்கூட்டத்தைக் காணோம்: நம்பிய ஆசிரியர், கைதட்டிய பக்கத்து வீட்டுக்காரர், ரயிலில் ஏற்றப்பட்டவர்களின் நாற்காலி மேஜையை ஏலத்தில் எடுத்த குடும்பம். ஜோஜோவின் வெறுப்பு முகாமில் மட்டும் வந்தது மாதிரி ஒரு எண்ணம் படம் பார்ப்பவருக்கு வந்துவிடும். அதேபோல, பிள்ளையே பெற்றோரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் நிஜம். ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட்டின் நாடகக் காட்சி ஒன்றில் பையன் வெளியே போனதும் அப்பாவும் அம்மாவும் நாம் பேசியதை இவன் சொல்லப் போய்விட்டானோ என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவன் சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்பி வருவான். ஆனால் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் கோப்புகளை ஆராய்ந்தவர்கள் காட்டுவது, புகார் கொடுத்தவர்களில் அதிகம் பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், பகை வைத்திருந்த தெரிந்தவர்கள். சொந்தப் பிள்ளைகள் அபூர்வம். பயத்துக்கு எண்ணிக்கை தேவைப்படவில்லை.

இப்போது நான் சண்டை என்று சொன்ன இடம். ஜோஜோ எவ்வளவு சீக்கிரம் மாறுகிறான்! ஒரு அழகான, புத்திசாலியான, கவிதை தெரிந்த பெண் சுவருக்குள்ளிருந்து வருகிறாள், பையனுக்கு வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்கிறது, கொஞ்ச நாளில் ஹிட்லரை ஜன்னல் வழியே உதைத்துத் தள்ளிவிடுகிறான். மூல நாவலான கிறிஸ்டீன் லியூனன்ஸின் 'கேஜிங் ஸ்கைஸ்' இப்படி இல்லை. அது வியன்னாவில் நடக்கும் இருண்ட கதை. அதிலும் பையன் அந்தப் பெண்ணைக் காதலிக்கிறான், ஆனால் போர் முடிந்ததை அவளிடம் மறைக்கிறான், ஜெர்மனி ஜெயித்துவிட்டது என்று சொல்லி வருஷக்கணக்கில் அவளை அடைத்தே வைத்திருக்கிறான். படத்தில் அந்தப் பொய்யின் ஆயுள் சில நிமிஷம். காதல் வந்தால் வெறுப்பு போய்விடும் என்பது படம். வெறுப்பு போகாமலே, ஆளை உடைமையாக்கிக்கொள்ளும் காதலாக வேஷம் மாற்றும் என்பது நாவல். எனக்கு நாவல்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருப்பதாகப் படுகிறது, ஆனால் இதை ரசனை என்று நீங்கள் தள்ளிவிடலாம் என்பதால் வேறு சான்று தருகிறேன்.

2015ல் நிகோ ஃபொய்க்ட்லெண்டர், ஹான்ஸ்-யோஆகிம் ஃபோத் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 1996லும் 2006லும் ஜெர்மனியில் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்துக்கொண்டு, யூத வெறுப்பு எந்தெந்த வருஷம் பிறந்தவர்களிடம் அதிகம் என்று பார்த்தார்கள். நாஜி ஆட்சியில் வளர்ந்தவர்களிடம், குறிப்பாக 1930களில் பிறந்தவர்களிடம்தான் அதிகம். தீவிரமான வெறுப்பாளர்களின் விகிதம் மொத்த மக்கள்தொகையில் இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு! அதாவது ஜோஜோவின் வகுப்புத் தோழர்கள், அறுபது எழுபது வயசில். இன்னொரு முடிவு அதைவிட முக்கியம்: 1914க்கு முன்பே யூத எதிர்ப்புக் கட்சிகளுக்கு ஓட்டு விழுந்த பகுதிகளில் பிறந்தவர்களிடம் இந்த ஏற்றம் மிக அதிகம். ஏற்கெனவே ஊரில் இருந்த வெறுப்பின் மேல்தான் பள்ளிக்கூடம் நன்றாக வேலை செய்திருக்கிறது. கருத்துக்கணிப்புக்கு வரம்பு உண்டு, யார் உண்மையாகப் பதில் சொன்னார்கள், யார் மறைத்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது, தனி மனிதர் ஒருவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பெரும்பாலானவர்கள் தீவிர வெறுப்பாளர்களாக இல்லை என்பதையும் அதே புள்ளிவிவரம் சொல்கிறது. ஆனாலும் சில மாதத்தில் உதிர்ந்துவிடும் என்பதற்கு எதிரான சாட்சி இதைவிட வலுவாகக் கிடைப்பது கஷ்டம்.

மாறியவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் அண்ணன் தங்கை இருவருமே முதலில் ஆசை ஆசையாகச் சேர்ந்தவர்கள், ஹான்ஸ் நியூரம்பெர்க்கில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டில் கொடி தூக்கிப் போனவர். அவர்கள் அப்பா நாஜிகளை வெறுத்தவர், வீட்டில் வாதாடிப் பார்த்தார், பிள்ளைகள் கேட்கவில்லை. ஜோஜோவின் அம்மா நிலைமைதான். பிறகு வருஷக்கணக்கில், ஒவ்வொன்றாக, தடை செய்யப்பட்ட புத்தகம், கைது, கிழக்குப் போர்முனையில் பார்த்தது என்று சேர்ந்துதான் அவர்கள் மாறினார்கள். மியூனிக்கில் நாஜிகளுக்கு எதிராகத் துண்டறிக்கை போட்டு மாட்டிக்கொண்டு 1943 பிப்ரவரி 22 அன்று தலை வெட்டப்பட்டார்கள். இன்னொருவர் அல்ஃபோன்ஸ் ஹெக். 1938ல் பத்து வயசில் சேர்ந்து, பதின்பருவத்திலேயே பெரிய பொறுப்புக்கு உயர்ந்தவர். போருக்குப் பின் அமெரிக்காவில் குடியேறி, 1985ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட ஹெலன் வாட்டர்ஃபோர்ட் என்ற பெண்மணியோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் மேடைகளில் பேசினார். நிஜ வாழ்க்கையில் ஜோஜோவும் எல்ஸாவும் சந்தித்துக்கொண்டது இப்படித்தான், இருவருக்கும் நரைத்த பிறகு, வேறொரு கண்டத்தில். ஹெக் மாதிரி ஆட்கள் எழுதியவை எல்லாம் மாறியவர்களின் நினைவுக் குறிப்புகள், மாறாதவன் புத்தகம் எழுதுவதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதோடு அந்த இரண்டு கற்பனைகளையும் சேர்த்துப் பாருங்கள். ஜோஜோவுக்கு மருந்து ஒரு நிஜ யூதரோடு ஒரே வீட்டில் இருந்தது. மற்ற லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்த மருந்து கிடைக்க வழியே இல்லை, ஏனென்றால் சந்தித்திருக்க வேண்டியவர்களைக் கொன்றுவிட்டார்கள், மிச்சம் பேர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். பெர்லின் மாதிரி பெருநகரத்திலேயே தலைமறைவாக இருந்து போர் முடியும்வரை பிழைத்தவர்கள் சுமார் 1,700 பேர்தான். பள்ளியில் பாடப்புத்தகம் மாறியது, 1946ல் ஜெர்மனியில் அமெரிக்க ராணுவத்தின் ஆட்சியில் இருந்த பகுதியில் 1919க்குப் பின் பிறந்தவர்களுக்கெல்லாம் பொதுமன்னிப்பும் வந்தது, அது நியாயமும்கூட, அத்தனை பிள்ளைகளை யார் விசாரிப்பது? ஹிட்லரின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள். இன்னொரு படம் தலைக்குள் இருந்தது, அதை மாற்ற ஆள் இல்லை. படம் வதைமுகாமைக் காட்டவே இல்லை என்று பலர் குறை சொன்னார்கள், பையனின் கண் வழியாகச் சொல்லும் கதையில் அதைக் காட்ட முடியாது என்பது என் கட்சி. ஆனால் இந்த இல்லாமையை, எல்ஸா ஒருத்தி மட்டும் ஏன் அந்த ஊரில் இருக்கிறாள் என்பதை, படம் ஒரு முறையாவது உறைக்கும்படி சொல்லியிருக்கலாம்.

கடைசியாக உங்கள் மகன். அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு 13க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் யோசித்துக் காட்டவும் என்ற சான்றிதழ். நானாக இருந்தால் இரண்டு வருஷம் பொறுப்பேன். இப்போதே காட்டுவதென்றால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தூக்கிலிடப்பட்ட அம்மாவின் காலணியை ஜோஜோ பார்க்கும் காட்சியை முன்கூட்டியே லேசாகச் சொல்லிவைத்துவிடுங்கள். முகம் எதையும் காட்டவில்லை என்றாலும் அந்த வயசுக்கு அது பலமான அடி. படத்தில் வராத முகாம்களைப் பற்றி அன்றைக்கே இல்லாவிட்டாலும் அந்த வாரத்துக்குள் பேசுங்கள், இல்லையென்றால் நாஜிகள் என்றால் தமாஷான ஆட்கள் என்ற எண்ணத்தோடு அவன் போய்விடுவான். என் மாணவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வியை அவனும் கேட்கலாம்: அவ்வளவு நல்ல அம்மா ஏன் பையனிடம் உண்மையைச் சொல்லாமலே இருந்தாள்? சொல்லியிருக்க முடியாது. யூதப் பெண்ணை ஒளித்துவைத்திருப்பது தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும், வீட்டில் இருப்பதோ யுங்ஃபோல்க் உடுப்பைப் போட்டுக்கொண்டு தூங்கப் போகிற பையன், அவனிடம் கேட்பவர் அவன் ஆசைப்படும் தலைவர்களில் ஒருவராக இருந்தால் பத்து வயசில் அவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.